கணுக்கால் உயரக் காடு

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. அந்தப் பெயரை ஒரே ஒரு முறை என் வாயால் அவர் ஊராரிடம் சொன்னேன். அதோடு அவருக்கு அந்த ஊரில் இருந்த இடம் போயிற்று. இன்னொரு முறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். மருந்துச் சரக்கு ஒழுங்காக வராது. ஒரே மிக்சரை நிறம் மாற்றி மூன்று வியாதிக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்கு எழுபதை நெருங்கும் வயசு, இரண்டு கண்ணிலும் புரை. நாடி பிடிப்பார், நெஞ்சில் குழாய் வைப்பார். கண்ணால் பார்க்க வேண்டியதையெல்லாம் நான் பார்த்துச் சொல்வேன், அவர் தலையாட்டுவார். இப்படிப் பத்து வருஷம் போனால் எந்தக் கம்பவுண்டருக்கும் தலையில் கொம்பு முளைத்துவிடும். எனக்கும் முளைத்திருந்தது. போதாக்குறைக்கு வெள்ளைக் கோட்டு வேறு.

டிஸ்பென்சரிக்கு முன்னால் ஒரு காலி மனை. தெருவிலிருந்து எங்கள் படி வரைக்கும் இருபது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். மழை ஓய்ந்த சமயம் என்பதால் மனை முழுக்கக் குப்பைமேனியும் தும்பையும் நெருஞ்சியும் முளைத்துக் கிடந்தன. வருகிறவர்கள் எல்லோரும் அதை மிதித்துக்கொண்டுதான் வருவார்கள். அன்றைக்கு ஒருத்தர் இரண்டு கையிலும் கம்பு ஊன்றிக்கொண்டு, தரையையே பார்த்து, ஒவ்வொரு காலுக்கும் இடம் தேடி வைத்து வந்தார். இருபது எட்டைக் கடக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

பெஞ்சில் தொடைக்கட்டியோடு ஒரு ஜட்கா வண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். வம்புக்கென்றே பிறந்த மனுஷன்.

"என்ன மாப்ள, எதையும் தொலச்சுட்டுத் தேடுறீரா?"

"இல்லண்ணே. செடி கெடக்கு. மிதிக்காம வாரேன்."

"நெருஞ்சி குத்திரும்னு பயமாக்கும்."

"குத்துனா எனக்குத் தெரியாதுண்ணே. பழகிப்போச்சு. நான் இருந்துட்டு வந்த ஊருல இம்புட்டு உசரம் இருந்தா அது மரம்."

பெஞ்சே சிரித்தது. எல்லோரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

அவருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கறுத்து ஒல்லியான உடம்பு, காதோரம் மட்டும் நரை. திருவாதவூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற குடும்பம். இருபது வயசில் கொழும்புத் துறைமுகத்துக்குக் கரி சுமக்கப் போனவர், அங்கிருந்து கப்பலில் ஏறி அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போய்விட்டார். நடுவில் ஒரு தடவை வந்து கல்யாணம் செய்துகொண்டு, நான்கு மாசம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன்பின் ஐந்து வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறார்.

ஊர்க் கம்மாய்க்கரையில் கரியில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி, பூட்சைக் கழற்றிக் கால் கழுவியிருக்கிறார். பார்த்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். இரண்டு காலிலும் ஒரு விரல்கூட இல்லை. இடது கையில் கடைசி இரண்டு விரலுக்கு நுனி இல்லை. கரையிலேயே நிற்கச் சொல்லி, இலையில் சோற்றை வைத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொண்டார்கள். அன்று சாயந்தரம் ஊர் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். இது பெருவியாதி, அதாவது குஷ்டம், இல்லை என்று மதுரையில் ஒரு டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தால் ஊருக்குள் வரலாம், பெண்டாட்டியோடு வாழலாம். ஒரு மாசம் தவணை. சீட்டு இல்லையென்றால் வர வேண்டாம், பெண்ணை அவள் அண்ணன் கூட்டிப் போவான்.

அந்தச் சீட்டுக்காகத்தான் அவர் எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்திருந்தார். தங்கியிருந்தது பக்கத்தில் ஒரு வண்டிப்பேட்டையின் மூலையில்.

"வெரலெல்லாம் எப்பிடிப்பா போச்சு?" என்று கேட்டேன்.

"குளிருல போச்சுண்ணே."

எனக்குத் தெரிந்த குளிர் மார்கழியில் தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிற குளிர். கொடைக்கானல் போய் வந்தவர்கள் பல் கிட்டிப்போனதாகச் சொல்வார்கள். விரல் விழுந்துவிட்டதாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, ஏதோ மறைக்கிறான் என்று அப்போதே மனசில் எழுதிக்கொண்டேன். ஆமாம், அப்போது நான் அவரை 'அவன்' என்றுதான் நினைத்தேன்.

காலடியில் புண் இருந்தது. விரல் இல்லாமல் நடந்து நடந்து முன்பாதம் தேய்ந்து வந்த புண். புண் ஆறட்டும், பிறகு சீட்டைப் பற்றிப் பார்க்கலாம் என்று சொல்லித் தினமும் வரச் சொன்னேன். தினமும் வந்தார். தினமும் அந்த இருபது எட்டு, அதே கால் மணி நேரம்.

கட்டுப் போடுகிற நேரத்தில்தான் அந்தக் குளிர் ஊரைப் பற்றிப் பேச்சு வரும். நாங்களாகக் கிண்டிவிடுவோம். சினிமாக் கொட்டகைக்குப் போகக் காசில்லாத எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. அவருக்கு நாங்கள் சிரிக்கிறோம் என்று தெரியும். தெரிந்தும் ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். "இது பாத்தது, இது கேட்டது" என்று அரிசியையும் கல்லையும் பிரிக்கிற மாதிரிப் பிரித்து வைப்பார்.

உலகத்தின் வட தலைமாட்டில் இருக்கிறதாம் அந்த ஊர். நிமிர்ந்து நிற்கிற மரம் ஒன்றுகூடக் கிடையாது. மேடு, பள்ளம், குட்டை, மறுபடி மேடு, வானம் வந்து முட்டுகிற வரைக்கும் அப்படியே போகும். ஆனால் மொட்டைத் தரை இல்லை. கால் வைத்தால் கணுக்கால் வரை அமுங்குகிற அளவுக்குப் பாசியும் செடியும் பின்னிக் கிடக்கும். அந்தச் செடியில் பாதி மரங்கள் என்பார்.

"எலை வெந்தய எலை அகலந்தாண்ணே. ஓரத்துல பல்லுப் பல்லா இருக்கும். எந்திரிச்சு நிக்காது, காத்து விடாது. தரையோட படுத்தே வளரும். ஒண்ணைப் புடிச்சு இழுத்தா மூணு முழம் வரும், வேரா கெளையான்னு தெரியாது."

"அதை மரம்னு உமக்கு யாரு சொன்னா?"

"மான் மேய்க்கிற சனம் அங்க இருக்குண்ணே. எங்களைக் காப்பாத்துனது அவுகதான். அவுக கூடாரத்துல ஒரு பொம்பளை வெரல் தண்டி கம்பு ஒண்ண வெட்டி, வெட்டுவாயில ஊசியால ஒவ்வொரு வளையமா எண்ணிக் காமிச்சா. நாப்பது வரைக்கும் நானும் எண்ணுனேன். அதுக்கு மேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. அவ இன்னும் நெறைய இருக்குன்னு கையைக் காமிச்சா. அது கேட்டது. நான் நாப்பதுன்னுதான் சொல்வேன்."

காளான் அந்த மரத்துக்கு மேலே குடை விரித்து நிற்கும் என்றார் ஒரு நாள். ஜட்காக்காரருக்குக் கேட்க வேண்டுமா.

"அப்ப வெயிலுக்கு மரத்தடியில ஒதுங்காம காளானடியில ஒதுங்குனீராக்கும்."

"ஒதுங்க முடியாதுண்ணே. முசல்கூட ஒதுங்க முடியாது. அதுவுமில்லாம வெயிலே கெடையாது. சூரியன் உச்சிக்கு வராது, ஓரமா உருண்டு போயிரும். நம்ம நெழலு நமக்கு முன்னால பத்து ஆள் நீளம் கெடக்கும்."

நனைந்த பள்ளங்களில் பருத்தி வெடித்த மாதிரி வெள்ளைக் கொத்துகள் புல்லின் தலையில் ஆடுமாம். நூல் வருமா என்று திரித்துப் பார்த்தாராம், வரவில்லையாம். சாம்பல் நிறத்தில் நுரைத்த மாதிரி ஒன்று மேடுகளில் படர்ந்திருக்குமாம். காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும், தூறல் விழுந்தால் பஞ்சாகிவிடும், மானுக்கு அதுதான் தீனி. மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பழம் ஒன்று, இனிப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் வெறும் தண்ணீர். சிவப்பில் ஒரு பழம், களாக்காயைத் தோற்கடிக்கிற புளிப்பு. ஆறு நாள் அந்தப் பழங்களைத்தான் தின்று கிடந்தாராம். நூறு பழம் பொறுக்கினால் ஒரு வாய் நிறையும் என்றார். அப்புறம், நூறு இல்லை, எண்பது இருக்கும் என்று திருத்தினார்.

தரையை முழங்கை ஆழம் தோண்டினால் கீழே கல்லு மாதிரி ஐஸ் தட்டும் என்றபோது நான் கட்டுத்துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். பூமிக்கு அடியில் ஐஸ் இருக்கிற ஊரை, சித்திரையில் தார் உருகுகிற ஊர்க்காரனிடம் வந்து சொல்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. அவரும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். "எனக்கே நம்ப முடியலண்ணே, அதான் தோண்டுனேன்" என்றார்.

தவணையில் பத்து நாள்தான் பாக்கி. எனக்கே மனசு இரங்கிற்று. அவரைத் தனியாக மருந்து அறைக்குள் கூப்பிட்டு ஒரு வழி சொன்னேன்.

"இங்க பாருப்பா. குளிரு, கணுக்கால் மரம், காளான் கதையெல்லாம் உன் ஊருல எடுபடாது. பஞ்சாலையில மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரு. மில்லுல கைகால் போனவன் இந்த ஊருல தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கான். ஒருத்தனும் மறுபேச்சுப் பேச மாட்டான். டாக்டர்கிட்டச் சொல்லி நானே அப்பிடி எழுதி வாங்கித் தாரேன்."

"வேண்டாம்ணே."

"உன் பெண்டாட்டி வேணுமா வேண்டாமா?"

"வேணும்ணே. அவளுக்காகத்தான் வந்தேன்."

"பெறகென்ன?"

அவர் சொன்னது எனக்கு இன்றுவரை அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"கப்பல் முழுகி ஏழு நாள் படகுல கெடந்தோம்ணே. கரையேறுனது அஞ்சு பேர். வெள்ளைக்கார அதிகாரி மூணாம் நாளே போயிட்டாரு. அவரு இருந்திருந்தாச் சொல்லியிருப்பாரு. மிச்சம் வங்காளத்துக்காரங்க மூணு பேரு, கோவாக்காரர் ஒருத்தரு, நானு. எல்லாம் வெயில் தேசத்து ஆளுக. காலு ஊறி வீங்கிக் கெடந்துச்சு. கரையில ஏறிப் பாத்தா தரை பூராச் செவப்பு. அப்பிடி ஒரு செவப்பை நீங்க பாத்திருக்க மாட்டீக. படுத்துக் கெடக்கற மரம் அம்புட்டும் ரத்தச் செவப்பு, ஊடால மஞ்சள், மறுபடி செவப்பு. நம்ம ஊருல செடி எப்பண்ணே செவக்கும்?"

"தளிர் விட்டா" என்றேன்.

"ஆமா. மா தளிர் விட்டாச் செவக்கும். அரசு செவக்கும், வேம்பு செவக்கும். அதுக்கு அடுத்து வெயில்தான். அந்தத் தேசத்துல எந்த மாசம் கோடைன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. நான் அதைப் பாத்துட்டு, தளிர் விட்டிருக்கு, கோடை வருது, இனிமே சூடு ஏறும்னேன். மேட்டுக்கு அந்தாண்ட பொகை தெரிஞ்சுச்சு. ஒரு நாள் நடை இருக்கும். அப்பவே நடந்திருவோம்னாரு கோவாக்காரர். நான்தான் வேண்டாம்னேன். நாலு நாள் இங்கயே ஒதுங்கிக் கெடந்து, காலு தேறி, வெயில் ஏறுன பெறகு நடப்போம்னேன். உனக்கு நல்லாத் தெரியுமான்னு கேட்டாரு. நான் வெவசாயி மகன், செடியைப் பாத்து எனக்குக் காலம் தெரியாதான்னேன்."

அவர் கையில் இருந்த கம்பு தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஆறாம் நாள் விடியறப்ப அம்புட்டும் வெள்ளை. அது தளிர் இல்லண்ணே. சாகப்போற எலை. அங்க செடி செவந்தா வருஷம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். கோவாக்காரரும் ஒரு வங்காளத்துப் பையனும் எந்திரிக்கவே இல்ல. மானு மேய்க்கற சனம் மதியம் வந்துச்சு, பொகை போட்டது அவுகதான். தெரியாததைத் தெரியும்னு இந்த வாய் ஒரு தடவை சொல்லி ரெண்டு உசிர் போயிருச்சு. இனிமே அதுல பொய் வராது. மில்லுன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. குளிருன்னு எழுதிக் குடுங்க. அதான் நடந்தது."

நான் ஆடிப்போய்விட்டேன். கையில் இருந்த டிங்சர் புட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன். ஆனால் அந்த அதிர்ச்சி எனக்குள் அரை நாள் கூட நிற்கவில்லை. நான் இரங்கி வந்து கொடுத்த வழியை ஒரு கரி அள்ளுகிறவன் வேண்டாம் என்றுவிட்டானே என்ற ரோஷம்தான் சாயந்தரம் மிச்சம் இருந்தது. இவ்வளவு சுலபமான பொய்யை ஒருவன் மறுக்கிறான் என்றால் உள்ளே வேறு என்னவோ இருக்கிறது என்று புத்தி போயிற்று. கொம்பு முளைத்த புத்தி.

மறுநாள் அவரைக் கண்ணை மூடச் சொல்லிக் குண்டூசியை எடுத்தேன். விரல் இருந்த இடத்தில் குத்தினேன். தெரியவில்லை. பாதத்தின் நடுவரை குத்திக்கொண்டு வந்தேன். தெரியவில்லை. கை நுனியில் குத்தினேன், ரத்தம் வந்தது, அவர் கண்ணை மூடியபடியே "குத்துங்கண்ணே" என்றார். பெருநோய்க்கு அடையாளம் உணர்ச்சி போவது என்று கற்றிருந்தேன். அந்த ஒன்றை மட்டும்தான் கற்றிருந்தேன். இரண்டு தடவை கார்பாலிக் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். டாக்டரிடம் போய், "அந்த நோய்தாங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

தவணை முடிய ஆறு நாள் இருக்கும்போது அவர் மனைவி வந்தாள். அவள் அண்ணனும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட வந்திருந்தார்கள். அவர்கள் இருவரும் படியில் நிற்க, அவள்தான் முன்னால் வந்து என்னிடம் பேசினாள். உரத்த குரல்.

"கம்பவுண்டரய்யா, எங்க வீட்டுக்காரவுகளுக்கு அந்த நோய் இல்லைதானுங்களே?"

நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் பெயரைச் சொன்னேன். முழுப்பெயரைச் சொல்லி, "அவருக்குப் பெருவியாதிதான். ஊசி வச்சுக் குத்திப் பாத்துட்டேன். ஊருக்குள்ள சேத்தா அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டு, "அப்பச் சரி, முடிஞ்சுபோச்சு" என்றார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் இடம் தேடிக் கால் வைத்து வந்தார். படியேற விடாமல் மேலிருந்தபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

"நீங்க பாத்தீகளாண்ணே, கேட்டீகளா?"

"பாத்தேன்" என்றேன்.

"சரிண்ணே."

அவ்வளவுதான். திரும்பினார். செடிகளுக்கு நடுவே மறுபடி அந்தக் கால் மணி நேரம். நான் நின்று பார்க்கவில்லை, உள்ளே வேலை இருந்தது.

அவர்கள் சாதியில் ஊர் கூடிக் கல்யாணத்தை அத்துவிட்டால் பெண் மறுபடி கட்டிக்கொள்ளலாம். தவணை முடிந்த அன்றே அத்துவிட்டார்கள். மூன்றாம் மாசம் அதே ஊரில் பெண்டாட்டி இழந்த ஒருவருக்கு அவளை அவள் அண்ணன் கட்டிக்கொடுத்தான். ஜட்காக்காரர் வந்து சொன்னார். "நல்ல வேளை, அந்தப் பொண்ணு தப்பிச்சுது" என்று நான் சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

யுத்தம் முடிந்து பெரிய டாக்டர் காலமானதும், டிஸ்பென்சரியை ஒரு இளம் டாக்டர் எடுத்துக்கொண்டார். பட்டாளத்தோடு இத்தாலி மலைகளில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம், தன் பெட்டியில் இருந்த போட்டோக்களை மேஜையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தேநீர் வைக்கப் போனேன்.

அதில் ஒன்று ஒரு ஜோடிக் கால். பத்து விரலும் இல்லை. இரண்டு பாதமும் ஒரே கோட்டில், கத்தியால் வெட்டினாற்போல் முடிந்திருந்தன. எனக்குத் தெரிந்த பாதம். மூன்று வாரம் தினமும் நான் கட்டுப் போட்ட பாதம்.

"இது யாருங்க?" என்றேன்.

"ஒரு கூர்க்கா சிப்பாய். பனியில கருகிடுச்சு."

"பனியில வெரல் போகுமா?"

"போகும். கூட்டம் கூட்டமா வெட்டி எடுத்திருக்கோம்."

"வெட்டுன எடத்துல ஊசி குத்துனா?"

"தெரியாது. நரம்பு செத்துப்போயிருக்கும்ல. ஏன் கேக்கிறீங்க?"

சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். உடம்பில் தேமல் இருந்ததா என்று கேட்டார். இல்லை. புருவம் உதிர்ந்திருந்ததா, காது தடித்திருந்ததா, முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார். நான் எதையும் பார்த்திருக்கவில்லை. "பாத்தேன்" என்று அந்த மனுஷனிடம் சொன்ன நான் எதையுமே பார்த்திருக்கவில்லை.

"அந்த நோயே இருந்திருந்தாலும் என்ன?" என்றார் டாக்டர். "ஊசியால குத்திட்டு ஊருக்குத் தண்டோரா போடுறதா வைத்தியம்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. நான் போய் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கணுக்கால் உயரத்துக்கு மரம் இருக்கிற ஊர் உண்டா என்று கேட்டேன். வட துருவத்தை ஒட்டி உண்டு, புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன், கோடை முடிந்து குளிர் வருமுன் அந்தப் பூமி முழுக்கச் சிவந்துபோகும் என்றார். அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை.

அவரைத் தேட எனக்கு அதிக நாள் ஆகவில்லை. நான் சொன்ன சொல் அவரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா. வண்டிப்பேட்டையிலும் விரட்டிவிட, ஒரு வருஷம் போல அலைந்து, கடைசியில் ஊருக்கு வெளியே பெருநோயாளிகள் இல்லத்துக்குப் போயிருந்தார். கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடை அடைத்துவிட்டு வந்தார்.

"உங்களுக்கு அந்த நோய் இல்ல" என்றேன். முதல் தடவையாக 'உங்களுக்கு' என்று வந்தது.

"தெரியும்ணே."

"குளிருதான். இப்ப வந்திருக்கற டாக்டர் சொல்றாரு."

"இங்க உள்ள டாக்டரம்மாவும் நான் வந்த மூணாம் நாளே சொல்லிட்டாக. சீட்டும் எழுதிக் குடுத்தாக."

"அதைக் கொண்டுக்கிட்டு ஊருக்குப் போகலையா?"

"போனேன். கம்மாக்கரை வரைக்கும் போனேன். அவளுக்கு அப்ப வயித்துல ஏழு மாசம். எட்டத்துல பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

இல்லத்தில் இருப்பவர்கள் தான் சொல்கிற ஊரைக் கேட்டுச் சிரிப்பதில்லை என்றார். தோட்ட வேலைக்கு ஆள் வேண்டியிருந்ததால் இங்கேயே இருந்துவிட்டாராம். நான் அழுதேன். நடுப்பகலில், அத்தனை பேர் பார்க்க, அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை.

"விடுங்கண்ணே. நீங்க பாத்தேன்னு சொன்னீக. அது ஒண்ணுதான் கொஞ்சம்" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தண்ணீர் அடுத்த பாத்தியில் உடைத்துக்கொண்டு ஓடியது, அதைப் பார்க்கப் போய்விட்டார்.

தன் சொந்த ஊருக்குப் போக வேண்டாம் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார். நான் கேட்கவில்லை. என் மனசு ஆற வேண்டுமே, அதற்காகப் போனேன். ஊர்ப் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கு அப்பிடிச் சொன்னீரு, இன்னிக்கு இப்பிடிச் சொல்றீரு. எதைய்யா எடுத்துக்கறது?" என்று கேட்டுவிட்டு அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்.

அவள் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு வரப்புக்கு ஏறி வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, அவருக்கு நோய் இல்லை, குளிரில்தான் விரல் போனது, அவர் சொன்ன ஊர் நிஜம், நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"எனக்குத் தெரியும்யா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவுகதான். வந்து எறங்குன அன்னிக்கே கரையில நின்னுக்கிட்டு அம்புட்டையும் சொன்னாக. ஊரே சிரிச்சுச்சு. நான் நம்புனேன். அவுக பொய் சொல்ல மாட்டாக."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். "நம்புனவ பெறகு எதுக்கும்மா என்கிட்ட வந்து கேட்டே?"

அவள் கையில் ஒட்டியிருந்த சேற்றை வரப்புப் புல்லில் துடைத்தாள்.

"நோய் இருக்கான்னு நான் கேக்கலய்யா. இல்லைதானேன்னுதான் கேட்டேன். எங்கண்ணன் காதுலயும் பெரியவர் காதுலயும் விழுற மாதிரி, கோட்டுப் போட்ட ஒரு ஆளு இல்லைன்னு சொன்னாப் போதும்னு வந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே அவுகளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் வயலில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து களையெடுக்க ஆரம்பித்தாள்.